நாலடி பத்தங்குலம்: ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு

ஆந்திரா தனி மாநிலமான மறு வருஷம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் தம்பி மகன் அந்தோணியுடன் ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் போய் வந்தேன். சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் சென்னைக் கால்பந்துக் கிளப் ஒன்று, தன் சிறுவர் பயிற்சிப் பள்ளிக்கு அங்கே ஆள் எடுத்தது. சேர்ந்தால் இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களுடையது. தாயில்லாத அந்தோணிக்குப் பந்தைத் தவிர வேறெதிலும் மனம் நிற்பதில்லை.

பிறந்த தேதியை அங்கே யாரும் நம்புவதில்லை, உயரம்தான் வயது. ஒரு குறுக்குக் கட்டைக்கு அடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். நாலடி பத்தங்குலத்தைத் தாண்டினால் பந்தைத் தொடவே விடமாட்டார்கள். முந்தின நாள் மாலை கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன். சரியாக நாலடி பத்து. விடியற்காலையில் மறுபடி அளந்தால் கால் அங்குலம் கூடியிருந்தது! படுத்தெழுந்தால் உடம்பு நீளும் என்பது அன்றுதான் தெரிந்தது.

காலை பத்துக்கு ஒரு அளவு, மாலை நாலுக்கு ஒன்று. எங்கும் முதல் ஆளாக நிற்பது என் வழக்கம். 5.20 ரயிலைப் பிடித்தோம். பொன்னேரிக்குப் பதினைந்து மைல், ஏழணா. பன்னிரண்டு முடிந்தவன் என்பதால் அவனுக்கும் முழு டிக்கெட். யாரும் கேட்கவில்லை, நானே எடுத்தேன். பிறகு செங்குன்றம் வழியாக பஸ், பதினான்கு அணா, இரண்டேகால் மணி நேரம். அந்தோணி கூனிக்கொண்டே வந்தான். “நிமிர்ந்து உக்காரு” என்று ஐந்தாறு முறையாவது சொல்லியிருப்பேன். கான்வென்டில் எனக்குப் பழக்கியது அது.

திருவள்ளூரில் மைதானத்துக்கு ஜட்கா, நாலணா. விஷயத்தைக் கேட்ட வண்டிக்காரர் திரும்பி அவன் தலையைப் பார்த்தார்.

“இன்னாம்மா, இம்மாம் முடி கட்டைல இடிக்குமே. கோயிலாண்ட ஒரு மொட்டை போட்டுக்கினு போ.”

“நாங்க வேதக்காரங்கப்பா.”

“முடிக்கு இன்னாம்மா மதம்?” என்றவர் அந்தோணியிடம் குனிந்தார். “முட்டியக் கொஞ்சம் மடக்கிக்கோ நைனா, ஆரும் பாக்கமாட்டான்.”

“பொய் கத்துக் குடுக்காதே” என்றேன். முடி உயரமல்ல, அதை எடுப்பதில் பொய்யில்லை. கோயில் வாசலில் மொட்டை போட்டோம். எந்த வேண்டுதல் என்று நாவிதர் கேட்டதற்கு, கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு கட்டை. அதனடியில் வந்து நிற்க வேண்டும். மொட்டை போட்ட நேரத்தில் எங்களை முந்திக்கொண்ட இருவரைக் கழித்துவிட்டார்கள். அந்தோணி போய் நின்றான். தலைக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அளப்பவர் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அவன் முழங்கால்களைப் பார்த்தேன்.

“அந்தோணி, நிமிர்ந்து நில்லு.”

அவன் என்னையே பார்த்தபடி நிமிர்ந்தான். கட்டை மொட்டையில் இடித்தது.

அளப்பவர் பேனாவை மூடினார். “நானே பாக்கலியே. நீங்க ஏம்மா சொன்னீங்க?”

சாயங்காலம் மறுபடி நிற்கலாமா என்று கேட்டேன். ஒருமுறை கழித்தவனைச் சேர்ப்பதில்லையாம்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாலை அளவுக்கே போங்கள். பகல் முழுக்க நடக்க விடுங்கள். கூடின கால் அங்குலம் தானாக இறங்கிவிடும். முதல் ஆளாக நிற்பதில் ஒரு பெருமையும் இல்லை. முழங்கால் விஷயத்தில் நான் சொன்னது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது அந்தோணி ஆரம்பாக்கம் வரை கூனியே உட்கார்ந்திருந்தான். நான் நிமிரச் சொல்லவில்லை.