காரணத்தை எழுதித் தாருங்கள்

சுவிட்சர்லாந்தில், சூக் நகரில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறேன். வேலை நேரத்தில் காதில் அமெரிக்கச் செய்திதான் ஓடும். கணவர் கேட்பார், "உமக்கென்ன அங்க வோட்டு இருக்கோ?" இல்லை. இங்கேயும் இல்லை. வாய் மட்டும்தான் இருக்கிறது. அதை மூட மாட்டேன்.

அந்த அரசியல்வாதிகளில் முக்கால்வாசிப் பேர்மேல் எனக்கு மரியாதை கிடையாது. இரண்டு கட்சியையும்தான் சொல்கிறேன். அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காசை வெட்டிவிட்டுத் தங்கள் பிள்ளைகளைத் தனியாரிடம் அனுப்புகிறவர்கள். ஏன் வெட்டினாய் என்று கேட்டால், கேட்டவரைத் திட்டுவார்கள். ஆனால் அங்கே ஒன்று எனக்குப் பிடிக்கும். ஊர்ப் பள்ளிக்கூடக் குழு கூடும்போது பெற்றோர் போய் மைக்கின் முன் நிற்கலாம். ஒரு வீடியோவில் ஒரு தாய் கடைச் சீருடையோடு வந்து, பிள்ளைகளின் நூலகத்தை ஏன் மூடினீர்கள் என்று கேட்டாள். பதில் வரும்வரை அசையவில்லை. நான் குசினியில் சமைத்தபடி நின்று கைதட்டினேன்.

அந்த மாதமே மகளின் ஆறாம் வகுப்பு ஆசிரியை என்னையும் அவளையும் அழைத்தார். அடுத்து எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும் சந்திப்பு. மகளுக்குக் கிம்னாசியம் போக ஆசை. பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி அதுதான். புள்ளிகளும் போதும். ஆசிரியை அன்பாகத்தான் சொன்னார்: வீட்டில் ஜெர்மன் இல்லை, உங்களால் உதவ முடியாது, பிள்ளைக்குச் சுமையாகிவிடும், ஒரு படி கீழே இருக்கிற பள்ளியே நல்லது. பிறகு ஒரு சம்மதத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் "டாங்கே" என்று நன்றி சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

ஆம், நான்தான். அகதியாக வந்த நாளிலிருந்து அரசாங்கக் கந்தோர்களில் அதிகாரிகள் நீட்டிய தாள் எல்லாவற்றிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நின்று வாசித்தால் கோபிப்பார்களோ, விசாவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். பேனாவைக் கண்டால் கை தானாகப் போகும்.

பஸ் தரிப்பில் மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த அமெரிக்க மனுசிக்குக் கைதட்டினீங்கள்தானே அம்மா. எனக்காக ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

கணவர் விடச் சொன்னார். டீச்சரோடு கொழுவினால் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்றார். அதுவும் பொய்யில்லை. இருந்தும் மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனேன். உடைந்த ஜெர்மனில் சொன்னேன்: கையெழுத்தைத் திரும்ப எடுக்கிறேன், புள்ளி போதுமென்றால் ஏன் அனுப்பமாட்டீர்கள்? காரணத்தை எழுதித் தாருங்கள். ஆசிரியையின் முகம் சிவந்தது. நல்லதுக்குத்தான் சொன்னாராம். நல்லதென்றால் எழுதலாமே என்றேன்.

ஒரு கிழமையில் பள்ளி அதிபர் அழைத்தார், மகளோடு போனேன். அவர் தந்த கடிதத்தில் வீட்டு மொழியைப் பற்றி ஒரு வரி இல்லை. மகளுக்கு 'முதிர்ச்சி' போதாதாம். வாயால் சொன்ன காரணத்தைத் தாளில் வைக்க அவர்களுக்குத் துணிவில்லை. பெற்றோர் உடன்படாவிட்டால் மகள் ஒரு சோதனை எழுதலாம், வேறொரு குழு முடிவெடுக்கும் என்றார். அதற்கான படிவம் மூன்று பக்கம். வழமையானதுதான், கீழே கையெழுத்து வைத்தால் போதும் என்றார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். விளங்காத சொற்களை மகளிடம் கேட்டேன். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வசனம் மகளுக்கும் பிடிபடவில்லை. அவரிடமே கேட்டோம். அவரும் அதை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். கையெழுத்து வைத்து முடிய முக்கால் மணி நேரம் ஆனது. மகள் அந்தச் சோதனையை எழுதப் போகிறாள்.