"என்னத்த அறுக்கப் போறிய?" என்று கேட்ட அம்மா

அம்மா இல்லாத முதல் ஆண்டு இன்று நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பாதிப் பேர் எங்கள் உறவினர்கள். மீதிப் பேர் எங்கள் ஹார்டுவேர் கடையில் பிளேடு வாங்கியவர்கள்.

அம்மா பிறந்தது நாகலாபுரத்தில், மானாவாரி மிளகாயும் பருத்தியும் போட்ட குடும்பத்தில். அடுத்தடுத்து மழை பொய்த்ததால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மணமாகிக் கோவில்பட்டி வந்தார்கள். அப்பா சரக்கெடுக்க வெளியூர் போகும் நாட்களில் கடையில் உட்கார ஆரம்பித்து, பிறகு கடையே அவர்கள் பொறுப்பாயிற்று.

முதல் சில ஆண்டுகள் கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். ஒருநாள் புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் வந்து, மரம் அறுக்கும் வட்டப் பிளேடு கேட்டார். அம்மா கொடுத்தார்கள். ஆட்டுப் பட்டிக்குக் கால் நடச் சீமைக்கருவேலம் வெட்டுவதற்காக, அதை அவர் இரும்பு அறுக்கும் கட்டிங் மெசினில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு மாட்டினார். எங்கள் பக்கம் பலரும் செய்கிற தவறு இது. அந்த மெசினின் வேகம் பல் வைத்த பிளேடுக்கு ஆகாது. மரக்கணுவில் பல் சிக்கி மெசின் துள்ளியதில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

கடையை யாரும் குறை சொல்லவில்லை. அம்மாதான் விளாத்திகுளம் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் உடன் போனேன்.

"எந்த மெசினுக்குன்னு நான் கேட்டிருக்கணும் அண்ணாச்சி."

"வாங்குனது நானு. நீங்க என்ன செய்வீங்க தாயி? காப்பியக் குடிங்க."

அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். மனத்தில் வருத்தம் வைத்திருக்கிறார் என்றே அம்மா எடுத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் அந்த எண்ணம் மாறவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கேள்விகளுக்குப் பதில் வராமல் கடையிலிருந்து ஒரு பிளேடும் வெளியே போனதில்லை. என்னத்த அறுக்கப் போறிய, எதுல மாட்டப் போறிய.

"பிளேடு வாங்க வந்தா, பொண்ணு கேட்டு வந்தவன விசாரிக்க மாதிரில்ல கேக்கிய" என்பார்கள் வாடிக்கையாளர்கள்.

"பொண்ணு கேட்டு வந்தாக் கூட இவ்வளவு கேக்க மாட்டேன். சொல்லுங்க, தகரமா, கம்பியா?"

மெல்லிய தகரத்துக்கு அங்குலத்துக்கு முப்பத்திரண்டு பல் உள்ள ஹேக்சா பிளேடு, தடித்த கம்பிக்குப் பதினெட்டு. டைல்ஸுக்குப் பல்லே இல்லாத வைர விளிம்பு. பச்சை மரத்துக்கு இடைவெளி அகன்ற பல், அதுவும் கைரம்பத்தில். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்ததும் இதையெல்லாம் அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டினேன். அறுபடும் பொருளின் மேல் எப்போதும் மூன்று பல்லாவது பதிய வேண்டும் என்று அடியில் கோடிட்டிருந்தேன்.

அம்மா முழுவதும் வாசித்தார்கள். "எல்லாம் சரிதான். ஆனா வாரவிய சுவத்தப் பாக்க மாட்டாவ ஏட்டி, என் மூஞ்சியத்தான் பாப்பாவ" என்றார்கள்.

சிறுநீரகம் பழுதான கடைசி எட்டு மாதங்களில் வாரம் இருமுறை திருநெல்வேலிக்கு டயாலிசிஸ். வீட்டில் படுத்திருந்த ஒரு காலையில் அந்த ஆட்டுக்காரர் வந்தார். அம்மா முதலில் அவருடைய கையைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"பனிக்காலத்துல குடையும். மத்தபடி ஒண்ணுமில்ல." அவரே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லணும் தாயி. அன்னைக்கு உங்க கடைக்கு முந்தி வேற கடைக்குத்தான் போனேன். கட்டிங் மெசினுக்குன்னு சொன்னேன், அவிய தர மாட்டேன்னுட்டாவ. அதான் உங்கள்ட்ட வாயத் தொறக்கல. நீங்க கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

அவர் அன்று நிமிர்ந்து பார்க்காதது கோபத்தால் அல்ல, வெட்கத்தால். எனக்கு அது அப்போதுதான் விளங்கியது.

"பொய் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கணும் அண்ணாச்சி" என்றார்கள் அம்மா. அவரைச் சாப்பிட வைத்து அனுப்பும்படி என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அன்று நெடுநாளைக்குப் பிறகு மாலைவரை நன்றாகத் தூங்கினார்கள். அதிலிருந்து பதினோராம் நாள் காலமானார்கள்.

எட்டு மாதமும் முகம் சுளிக்காமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், எங்களுக்காகத் தினமும் கடை திறந்து பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அம்மாவின் காதில் விழும் காலத்திலேயே உண்மையைச் சொன்ன அண்ணாச்சிக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.