பூசை போட்ட குப்பைத்தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்து மலையடிவாரத்தில் இருந்த சின்ன மிருகக்காட்சி சாலையில் எனக்கு மான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முன்பக்கம் தீவனம் போட வேண்டும், பின்பக்கம் புழுக்கை வார வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கம் கொடுத்த தீவனம் அரை வயிற்றுக்குக் காணாது. மீதியை நிரப்பியது ஓமலூர் ரோட்டில் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்கா. வண்டியில் சோளத்தட்டு, அதாவது காய்ந்த சோளத்தாள், கொண்டுவந்து இறக்குவார். எல்லாக் கூண்டுக் குப்பையையும் உரத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஒரு காரியம் இப்படி ஒழுங்காக நடந்தால் மேலிடத்துக்குப் பொறுக்குமா?

புதிதாக வந்த அதிகாரி, புழுக்கை அரசாங்கச் சொத்து என்றார். வெளியே போகக் கூடாதாம், இங்கேயே மக்கவைக்க வேண்டுமாம். மான் அடைப்புக்குள் சிமெண்டுத் தொட்டி எழும்பியது. ‘குப்பைத்தொட்டி’ என்று பெரிய பலகை வேறு.

எங்கள் பக்கம் லாரி வாங்கினாலும் பம்புசெட்டு வாங்கினாலும் பூசை போடாமல் தொடமாட்டோம். தொட்டிக்கு மட்டும் என்ன குறை? மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். அதிகாரியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள், கூட்டுகிற அம்மா குப்பைக் கூடையோடு தொட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏனுங்க, சூடங் காட்டிக் கும்புட்ட எடத்துல கொரங்குப் பீய எப்புடிங்க கொட்டறது? எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க.”

கூடையை என்னிடம் நீட்டினார். எனக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. அதிகாரியிடம் போய்ச் சொன்னோம். தொட்டிவரை வந்து வாடிய மாலையைப் பார்த்தார். “நல்ல நாள் பாத்து ஆரம்பிக்கலாம்” என்று நழுவிவிட்டார்.

அந்த நல்ல நாள் வரவே இல்லை. குப்பை குவிந்தது, ஈ மொய்த்தது. “எரு இல்லாத ஊட்டுக்குத் தட்டு எதுக்குங்க?” என்று அக்கா சொல்லியனுப்பிவிட்டார். மான்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. புதிதாய்க் குட்டி போட்ட மானுக்குப் பால் வற்றி, குட்டி முட்டி முட்டிப் பார்த்து ஏமாந்து நின்றது.

அதிகாரி லீவில் போன சமயம், காலில் விழாத குறையாக அக்காவை அழைத்துவந்தேன். குப்பை வண்டி ஏறியது, தட்டு இறங்கியது. அதைப் போடச் சுத்தமான இடம் தொட்டி ஒன்றுதான் இருந்தது. பூசை போட்ட இடத்தில் சோறு வைத்தால் தோஷமா என்ன? மான்கள் தலையை உள்ளே விட்டு மொறுமொறுவென்று தின்றன.

அந்த நேரம் பார்த்தா சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்க வேண்டும்! பலகையைப் படித்தார், மான்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “பேஷ்! குப்பையையே தின்னப் பழக்கிட்டீங்களே!”

“ஐயா, அது சோளத்தட்டுங்க” என்றேன்.

“எல்லாம் தெரியும்ப்பா” என்று தோளைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. இங்கே கழிவே தீவனமாகிவிடுவதால் அரசாங்கத் தீவனம் நிறுத்தப்படுகிறதாம்.

தலையில் கையை வைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னேன்.

“அந்தச் சென்னை அய்யா ஊட்டுக்கும் ஒரு தொட்டி கட்டிக் குடுத்துருங்க சாமி, அரிசிச் செலவு மிச்சமாகட்டும்” என்றார். வைதுகொண்டே, தன் எருமைக்கென்று வைத்திருந்த தட்டுக் கட்டையும் தொட்டியில் இறக்கினார்.