பேச்சு 102, பேச்சு 120

ஒடீலியா ஃபுர்த்தாடோ பழிவாங்கப் பிறந்தவள் இல்லை. பதினாறு வருஷமாக ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியைக்கு உதவியாளாக இருக்கிறாள். மூக்குத் துடைத்து, ஷூ கயிறு கட்டி, எழுத்துக் கூட்டப் பழக்கிவிட்டு, பாராட்டு ஆசிரியைக்குப் போகும்போது கைதட்டுகிறவள். எங்கள் போர்ச்சுகீசியர் சங்கத்துத் திருவிழாவில் இரண்டு வரி ஜெபம் வாசிக்கச் சொன்னால், சமையலறைக்குள் ஓடிப்போய் சூப்பைக் கிண்ட ஆரம்பித்துவிடுவாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அவ்வளவு நடுக்கம். அப்படிப்பட்டவளை இப்படி ஆக்கியவன் வாரன் ஸ்டோடர்ட். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசில்லை.

நான் ஃபிலோமினா. 99ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி, பாதாம் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் சமுதாயக் கல்லூரியின் கேன்டீனில் கல்லாவில் உட்காருகிறேன். இங்கே முதல் இரண்டு வருஷப் பாடத்தை முடித்தவர்கள் மீதியைப் படிக்க மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவார்கள். அதற்கு ஒரு தாள் உண்டு. டீச்சராகப் போகிறவனும் பூச்சிமருந்து படிக்கப் போகிறவனும் பொதுவாகப் படித்தாக வேண்டிய பாடங்களுக்குக் கட்டம் கட்டமாகப் போட்ட தாள். அதன் தலைப்பில் எழுத்து, வாய்ப்பேச்சு, தர்க்கம், கணக்கு என்று நாலு கட்டம். கீழே ஒன்றிரண்டு குறைந்தால் அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த நாலில் ஒன்று காலியாக இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதையும் மே மாதத்துக்குள் முடித்திருக்க வேண்டும், கோடையில் படித்தால் செல்லாது.

ஒடீலியா வேலைக்கும் போய்க்கொண்டு ஆறு வருஷம் படித்தாள். கடைசி வருஷம் பள்ளி நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உதவியாளர்களில் ஐந்து பேருக்குப் பல்கலைக்கழகச் செலவு முழுவதும் தருவோம், முடித்ததும் ஆசிரியர் வேலை, இந்த ஒரு வருஷம் மட்டும். ஐந்தில் ஒருத்தி இவள். மிச்சமிருந்தது வாய்ப்பேச்சுக் கட்டம் ஒன்றுதான். ஆலோசகர் ஸ்டோடர்டிடம் போய் உட்கார்ந்தாள்.

"102 மேடையேறிப் பேசுற வகுப்பு. உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி?" என்றானாம். "120 எடுங்க. எந்த நாட்டுக்காரங்க எப்படிப் பேசிப் பழகுறாங்கன்னு புத்தகத்துல படிச்சா போதும். அதே கட்டம்தான் நிரம்பும்."

அன்று அவள் கேன்டீனுக்குள் வந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் சேர்த்துக் காபி வாங்கினாள். 120 எடுத்தாள், முதல் தர மதிப்பெண் வாங்கினாள். ஜூன் மாதம், இடம் கொடுத்திருந்த பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. 120 நிரப்புவது கீழே இருக்கிற சமூகவியல் கட்டத்தை. வாய்ப்பேச்சு காலி. அனுமதி ரத்து. பள்ளி நிர்வாகம் அவள் இடத்தை ஆறாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டது.

கல்லூரியின் டீன் பிராட்டன் அம்மாளிடம் போனாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. ஸ்டோடர்டை வரவழைத்தார்கள். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அவங்களுக்குப் பேசப் பயம் மேடம். அவங்களாத்தான் 120 எடுத்தாங்க. நான் சொன்னதா எங்கயாவது எழுதியிருக்கா?" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எழுத்தில் எதுவும் இல்லைதான். டீன் கையைப் பிசைந்தார். "அவரு கைப்பட எழுதின தாள் ஒண்ணு வேணும். அதனால ஒருத்தருக்கு இடம் போயிருக்கவும் வேணும். ரெண்டும் சேர்ந்து இருந்தா நான் நடவடிக்கை எடுப்பேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஒடீலியா அழவில்லை. "இடம் போனதைக்கூட விட்டுருவேன் ஃபிலோ. அவன் சிரிச்சான் பாரு, அதை விடமாட்டேன்" என்றாள். எனக்கும் வயிறு எரிந்தது.

அடுத்த பருவத்திலேயே 102 எடுத்தாள். முதல் உரைக்கு அவள் வைத்த தலைப்பு, 'ஐந்து நிமிடத்தில் ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுப்பது எப்படி'. ஆரம்பத்தில் இரண்டு முறை வரியைத் தவறவிட்டாள், ஆனால் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். ஸ்டோடர்ட் பேரைச் சொல்லாமல் அவன் மீசையிலிருந்து பச்சை மைப் பேனா வரை சொல்லியிருக்கிறாள். அன்றோடு அவள் பயம் தொலைந்தது. கோபத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறு வருஷம் பல்கலைக்கழகம் திரும்பவும் இடம் கொடுத்தது. உதவித்தொகை கிடையாது, கடன் வாங்கிப் போகலாம். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போகலையாடி?" என்று கேட்டேன்.

"போறேன். முதல்ல அவன் இங்கேருந்து போகட்டும்."

செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டதும் வந்து, கேன்டீனில் ஜன்னலோர மேஜையில் உட்கார ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சரி, "உங்க தாளைக் காட்டுங்க, யாரு போட்டுக் கொடுத்தா?" என்பாள். காவலாளியை விட்டு ஸ்டோடர்ட் அவளைக் கிளப்பப் பார்த்தான். மாணவர் அட்டை இருக்கிறவரை கிளப்ப முடியாது. அதற்காகவே பருவத்துக்கு ஒரு பந்துருட்டு வகுப்பு எடுத்தாள். வாரம் ஒரு மணிநேரம் கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பதற்கும் இங்கே மதிப்பெண் உண்டு. "ஒவ்வொரு கட்டைக்கும் அவன் பேருதான் வச்சிருக்கேன்" என்பாள். நன்றாகவே சாய்த்தாள்.

மூன்று வருஷம் இப்படி. பல்கலைக்கழகங்களின் பட்டியல் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எந்த வருஷம் எந்தப் பாடம் எந்தக் கட்டத்துக்குச் செல்லும், எது செல்லாது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வாள். பிள்ளைகள் முதலில் ஸ்டோடர்டிடம் போய்விட்டு இவளிடம் வந்தார்கள். பிறகு அவனிடம் போகாமலே வந்தார்கள். அவன் ஒருநாள் என்னிடம் வந்து, "உங்க தோழிக்கு வேற வேலை வெட்டி இல்லையா?" என்றான். அவனுக்கு முந்தின நாள் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

ஆனால் ஆள் அசையவில்லை. அவன் செய்த தப்பையெல்லாம் இவள் நேரத்தோடு கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்பிவிடுகிறாள். பச்சை மையில் அவன் கையெழுத்தோடு ஏழெட்டுத் தாள்களை டீனிடம் கொண்டுபோனாள். டீன் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்டார். "யாருக்காவது இடம் போச்சா?"

"நான் திருத்தித் திருத்தி அவனைத்தான் காப்பாத்திட்டு இருக்கேன் ஃபிலோ" என்றாள் ஒருநாள். அவள் பேச்சில் விளையாட்டு இல்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நிக்கனோர் பாயேசா வந்தான். தோப்புகளுக்கு நீர்ப்பாசனக் குழாய் பதிக்கிற ஆள், முப்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். மண்ணைப் பற்றிப் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பெண்டாட்டி அந்த ஊரிலேயே ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தாளை நீட்டினான்.

வாய்ப்பேச்சுக் கட்டத்தில் பச்சை மையில் '120'. பக்கத்தில் ஸ்டோடர்டின் சுருக்கக் கையெழுத்தும் தேதியும்.

நான் மேஜை துடைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். எனக்கே தெரிந்தது. இந்த மூன்று வருஷத்தில் அந்த இரண்டு எண்ணும் எனக்கும் மனப்பாடம். புது வகுப்பில் சேர வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. 102இல் இரண்டு இடம் காலி என்று அன்று காலைதான் ஒடீலியா என்னிடம் போனில் சொல்லியிருந்தாள்.

அவள் போனை எடுத்துத் தாளைப் படம் பிடித்தாள்.

"எல்லாம் சரியா இருக்குங்களா மேடம்?" என்றான் நிக்கனோர்.

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவன் நன்றி சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனான். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒடீலியா, சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருவியா?"

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வியாழனன்று நான் திரும்பக் கேட்கவில்லை. அவன் எண் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் மச்சானின் தோப்பில்தான் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். ஸ்டோடர்டின் அந்தச் சிரிப்பு என் கண்ணிலும் நின்றது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளி போயிற்று.

ஜூனில் நிக்கனோருக்கும் அதே கடிதம் வந்தது. குடியிருந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, வேலையையும் விட்டுவிட்டிருந்தான். ஒடீலியாவே அவனை டீனிடம் கூட்டிப்போனாள், தாளும் படமும் கையில் இருந்தன. விசாரணை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. அங்கே ஒடீலியா எழுந்து நின்று தாளைப் பார்க்காமல் இருபது நிமிடம் பேசினாள். ஸ்டோடர்ட் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. அவனை ஆலோசனை வேலையிலிருந்து எடுத்து, வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்தார்கள். நாலாம் நாள் ராஜினாமா செய்தான்.

அவன் அட்டைப்பெட்டியோடு கேன்டீனைக் கடந்து போனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். ஒடீலியா ரொட்டிக்கு நடுவில் எங்கள் சூரிசோ இறைச்சியை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு கடியாக. சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறு குளிர்ந்தது என்பார்களே, அப்படி. பையிலிருந்து புது அனுமதிக் கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டினாள். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு ஆரம்பம்.

ஆகஸ்ட் முதல் வாரம் நிக்கனோர் வந்தான். பெண்டாட்டி மக்காச்சோள மாவில் அவித்துக் கொடுத்த தமாலே ஒரு பாத்திரம் நிறைய. என் மச்சானிடம் கெஞ்சிப் பழைய வேலைக்கே திரும்பியிருந்தான், குறைந்த கூலிக்கு. பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்களுக்காகப் பேசினீங்கன்னு கொடுத்து அனுப்பினா" என்றான்.

"உட்காருங்க. இந்தப் பருவம் 102 எடுத்துரலாம், நானே சேர்த்து விடுறேன்" என்றாள் ஒடீலியா.

"சேர்ந்துட்டேங்க மேடம்." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். விசாரணை முடிந்ததும் கல்லூரி இரண்டு தரப்புக்கும் அனுப்புகிற நகல். அதில் ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தான். அவன் தாளின் படம். ஓரத்தில் போன் தானாகவே போட்ட நாளும் நேரமும்.

"செவ்வாய்க்கிழமை மதியம் மூணு பத்து. வெள்ளிக்கிழமை வரைக்கும் வகுப்புல சேர்ந்திருக்கலாம்னு இப்பத்தான் ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்க இதை எப்ப பார்த்தீங்க மேடம்?"

ஒடீலியா பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பவும் தயாராக இருந்தான், அது முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கே பார்த்துட்டேன்" என்றாள்.

அவன் அந்தப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினான்.

"உங்க முழுப்பேரு சொல்லுங்க. எனக்கு எழுத்துப் பிழை வரும், ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."

அவள் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் முடித்துவிட்டுக் கல்லாப் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு நீங்களும் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தீங்கல்ல?" என்று என்னைக் கேட்டான். "உங்க பேரு?"