பிலோமினா அக்காவின் அகப்பைக் கதை

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, போன செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி இடைவேளையில் வந்தது. என்னோடு வேலை செய்யும் சிவமலர் போனைப் பார்த்துவிட்டு, "அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டாவாம்" என்றார். பிறகு கையைக் கழுவி, தலைக்கு வலையைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போய்விட்டோம். பிந்திப் போயிருந்தால் அக்கா எங்கே கிடந்தாலும் எழும்பி வந்து ஏசியிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவில், மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு கொம்பனியில் அவர் எங்கள் லைனுக்கு லீட், அதாவது மேற்பார்வையாளர். மன்னார்க்காரர். அன்பான தாய்க்கோழி என்றெல்லாம் எழுத மாட்டேன். கோழிக்கு இவ்வளவு குரல் கிடையாது. நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க்கில் இருந்து அவருடைய காரில்தான் நானும் வேலைக்குப் போய்வந்தேன். நெடுஞ்சாலையிலும் திருநாள் ஊர்வலத்தில் மாதாவின் சுருவம் சுமந்து போகிறவர் மாதிரித்தான் காரை நகர்த்துவார்.

"அக்கா, பின்னாலை வாறவன் றோட்டிலையே பென்சன் எடுக்கப்போறான்."

"எடுக்கட்டும். உயிரோடை எடுக்கட்டும்."

நானும் சிவமலரும் யோகன் அண்ணையும் அப்போது ஏஜென்சி ஆட்கள். இன்றைக்கு வேலை இருக்கும்; நாளைக்கு "வரவேண்டாம்" என்று போன் வரும். அப்படி இருக்கையில் கொம்பனி சிலரைப் பெர்மனன்ட் ஆக்கப்போவதாகச் சொன்னது. அதற்கு இன்டர்வியூ. முதல் முறை எங்களில் ஒருவரும் தேறவில்லை. எல்லோரையும் விழுத்தியது ஒரே கேள்விதான்: "உங்கள் வாழ்க்கையில் ஒரு கஷ்டமான நேரத்தைச் சொல்லுங்கள், அதை எப்படிச் சமாளித்தீர்கள்?"

யோகன் அண்ணை, "நோ புரொப்ளம், எவ்ரிதிங் குட்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் கடற்கரையில் விட்டுவிட்டு ஓடிவந்த மனிதர் அவர். வெளியாளிடம் கஷ்டத்தைச் சொல்வது கையேந்துவது மாதிரி என்றே எங்களை வளர்த்திருந்தார்கள்.

அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அவை உங்கடை கண்ணீரைக் கேக்கேல்லை. சமாளிச்ச கெட்டித்தனத்தைக் கேக்கினம்."

இரண்டாவது முறை கூப்பிட்டபோது, சாப்பாட்டு அறையில் எங்களை இருத்தி, தான் லீட் ஆவதற்கான இன்டர்வியூவில் சொன்ன கதையை உதாரணத்துக்குச் சொன்னார். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலம். மழை. ஒரே ஒரு கிடாரம், அதிலே கஞ்சி. வரிசையில் நின்றவர்களுக்குள் அடிபிடி. எல்லோரையும்விடக் கூடக் கத்தின ஆளின் கையில் அகப்பையைக் கொடுத்து, "நீயே பங்கிடு" என்று சொன்னாராம். அன்றோடு சண்டை நின்றதாம்.

கதை நல்ல கதை. அதுதான் வில்லங்கம். நாங்கள் ஆசிரியர் சொன்னதை அப்படியே பாடமாக்கி ஒப்புவித்துப் பழகின சாதி. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. மூன்று பேரும் அக்காவின் கதையை இங்கிலீசில் பாடமாக்கிவிட்டோம், ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல்.

யோகன் அண்ணை உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வந்தார். அடுத்துப் போன சிவமலர் வெளிறிப்போய் வந்தார்.

"என்ன நடந்தது?"

"மனேஜர் கேக்கிறா, உந்தக் கிடாரம் எவ்வளவு பெரிசு எண்டு."

"ஏன்?"

"இதிலை எத்தினை பேர் சமைச்சனீங்கள் எண்டு கேக்கிறா! தன்னை ஏமாத்திப் பேய்க்காட்டுறமாம். எங்கடை மூண்டு பேரின்ரை பேரையும் வெட்டப்போறாவாம்."

அடுத்தது நான். என் வாய்க்குள்ளும் அதே கிடாரம்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ஆள் போய்ச் சொல்ல, கையுறையைக் கழற்றியபடி வந்தார். எங்களை ஏசவில்லை. நேரே மனேஜரின் அறைக்குள் போனார். கதவு சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. அது தன்னுடைய கதை, தான்தான் கொடுத்தது, இவர்கள் பரீட்சை என்று நினைத்துப் பாடமாக்கிவிட்டார்கள் என்றார். இவர்களிடம் இதைவிடப் பெரிய கதைகள் உண்டு, திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதுவும் பொய்யென்றால் என்னுடைய லீட் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மனேஜர் சம்மதித்தார்.

அக்கா வெளியே வந்து என் சட்டைக் கையைப் பிடித்தார். "டேய், உன்ரை கதையைச் சொல்லு."

"எனக்கெங்காலை அக்கா கதை?"

"நாள் முழுக்க வாய் மூடாமல் அலட்டுறாய், கதை இல்லையோ? மொஸ்கோவிலை கிடந்தனீ எல்லோ?"

"அது சும்மா சிரிக்கிற பகிடிக் கதை அக்கா."

"பகிடியாவே சொல்லு. பயந்தனீயோ எண்டு கேட்டால் மட்டும் பகிடி விடாதை. ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஆள் எங்களை ஒரு அறையில் விட்டுவிட்டுக் காணாமல் போனதையும், எட்டுப் பேருக்கு இரண்டே இரண்டு குளிர்ச்சட்டை இருந்ததையும், யார் வெளியே போய்ச் சாப்பிடப் பாண் வாங்குவது என்று நான் முறை வைத்ததையும், முறை தப்பினவனைப் பாட்டுப் பாடவைத்ததையும் உடைந்த இங்கிலீசில் சொன்னேன். மனேஜர் நன்றாகச் சிரித்தார். பிறகு, "பயந்தீர்களா?" என்றார். ஓம் என்றேன். அதற்குமேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை, தமிழும் வரவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவன் பாண் வாங்கப் போய்த் திரும்பி வரவே இல்லை. முறை வைத்தவன் நான். அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. மனேஜரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மற்ற இருவரையும் திரும்பக் கூப்பிட்டார். மூவருக்கும் வேலை நிரந்தரமானது.

நோய் வருத்தம் முற்றிய பிறகு, போன மாதம் டோர்செட் பார்க்கில் அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து கிடந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் பாண் வாங்கப் போனவனைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"கதையைச் சொல்லேக்கை வெட்டித்தான் சொல்லவேணும்," என்றார். "நானும் வெட்டினனான். அகப்பையைக் குடுத்தது நானில்லை."

"பின்னை ஆர்?"

"ஆரோ ஒரு மனுசி. கத்தினது நான். என்ரை மனுசனை மண்ணிலை தாட்டுப்போட்டு வந்து ஒரு கிழமை இல்லை. வரிசையிலை நிண்ட எல்லாரோடையும் சண்டை. அவ வந்து அகப்பையை என்ரை கையிலை வைச்சிட்டுப் போயிட்டா. கொம்பனிக்காரருக்குக் குடுத்தவள்தானே வேணும், வாங்கினவளை ஆர் எடுப்பினம்?"

"அப்ப நீங்களும் களவெடுத்த கதைதான்!"

"ஓமடா. அதுதான் உங்களை நான் ஏசேல்லை."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்க அக்காவுக்கு இருமல் வந்தது, தண்ணீர் கொடுத்தேன். அந்த மனுசியின் பேர் என்னவென்று கேட்டேன். தெரியாது என்றார். கேட்க நினைத்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு எல்லோரும் வேறு வேறு பக்கம் போய்விட்டார்களாம்.

சனிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். கோயிலில் சுவாமியார் அகப்பைக் கதையைச் சொன்னார், அக்கா கொடுத்ததாகவே. மகள் சொல்லியிருப்பார். நான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டேன், திருத்தவில்லை. ஆனாலும் அக்கா, இனி உங்களுக்கு இன்டர்வியூ இல்லை. அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதிவிட்டேன், கோவிக்காதேங்கோ. போயிட்டு வாங்கோ. அங்கே அந்த மனுசியைக் கண்டால், இந்த முறையாவது பேரைக் கேட்டு வையுங்கோ.