சாவி இரண்டு தெரு தள்ளி

டெல்மர் ஹூக்ஸ்ட்ரா தன் காருக்கு அடியில் படுப்பதற்கு முன்னால், கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி நடந்து போவார். தோளில் ஆயில் படிந்த துணி, தலையில் ரோடு இலாகாவின் பழைய ஆரஞ்சுத் தொப்பி. மேப்பிள் தெரு முனையில் பச்சைக் கதவு போட்ட வீட்டின் மணியை ஒரே ஒரு தடவை அழுத்துவார். கதவைத் திறப்பவர் லோர்னா. முப்பத்து நாலு வருஷம் அவருக்கு மனைவியாக இருந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டவர்.

"இன்னிக்கு என்ன?" என்பார் லோர்னா.

"கியர் ஆயில்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். ஒரு போல்ட் மக்கர் பண்ணுது."

சாவி கை மாறும். லோர்னா அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வார். டெல்மர் திரும்பி நடப்பார். பேச்சு அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால் டெல்மரிடம் பதில் இருக்கிறது. அது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார். நிற்கும்போது மூச்சு விடாது. "செத்த மாதிரி கெடக்கும், ஆனா உசுரோட இருக்கும். சாவி பக்கத்துல இருந்தாப் போதும், எவனாவது பட்டனை அமுக்குனா எந்திரிச்சுக்கும். நான் அடியில கெடப்பேன்." சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், முதலாளி வந்துவிட்டார் என்று கார் நினைத்துக்கொள்ளுமாம். சமையலறையில் வைக்கலாமே என்றால், "முப்பதடி. பத்தாது" என்பார். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. மிச்சிகனில் பனிக்காலம் நீளம். முப்பத்தொரு வருஷம் இலாகாவின் பனி தள்ளும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்ற பிறகும், எங்களில் பாதிப் பேர் வாசலுக்கு அவர்தான் பனி தள்ளுகிறார். அவரைப் பகைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க யாருக்கும் விருப்பமில்லை.

காரை ஏலத்தில் வாங்கினார். ஏற்கெனவே ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் மைல் ஓடியது. கூட வந்தது ஒரே சாவி. இன்னொரு சாவிக்கு டீலர் சொன்ன விலையைக் கேட்டதும், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முதல் தடவை கியர் ஆயிலை வடித்தபோது அது சர்ச்சில் காலையிலிருந்து கொதித்துக் கிடக்கும் காபி மாதிரி கறுப்பாக இறங்கியது. "முன்னாடி வெச்சிருந்த பய இதுக்குப் பச்சத் தண்ணி கூடக் காட்டல" என்று சொல்லி, அதில் கொஞ்சத்தை ஜாம் பாட்டிலில் பிடித்து வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில். கராஜ் ஜன்னலோரம் வரிசையாக நிற்கின்றன: கறுப்பு, கரும்பழுப்பு, செர்ரிச் சிவப்பு, ரோஸ். ஒவ்வொன்றிலும் மைல் கணக்கு எழுதிய காகிதப் பட்டை. விருந்தாளி வந்தால் மூடியைத் திறந்து நீட்டுவார். "காரு வாயத் தொறந்து சொல்லாது. நாமதான் மோந்து பாக்கணும்."

லோர்னாவின் புகாரும் இதுவேதான். முடி வெட்டும் கடையில் அவர் சொன்னது ஊருக்கே தெரியும். "ரெண்டு தெரு தள்ளி எவன் கார்ல பெல்ட் கத்துதுன்னு அந்த ஆளு சொல்லிடுவாரு. ஒரே மேசையில உக்காந்து நான் பேசறது மட்டும் காதுல விழாது." சண்டை ஒன்றும் நடக்கவில்லை. லோர்னா தையல் மெஷினையும் பெரிய ஃப்ரீசரையும் எடுத்துக்கொண்டு போனார். டெல்மரிடம் கார் நின்றது.

கியர் ஆயிலை அறுபதாயிரம் மைலுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்பது டெல்மரின் பழைய கணக்கு. விவாகரத்துக்குப் பிறகு அது முப்பதாயிரம் ஆனது. பிறகு பதினைந்து. பிறகு ஐந்து. உதிரிபாகக் கடை ரோலிக்கு வியாபாரம்தான் என்றாலும் வாய் சும்மா இருக்காது.

"என்ன பெரிசு, உன் காருக்கு வயித்தால போகுதா?"

"சுத்தமா வெச்சுக்கறேன்."

"நானும்தான் சுத்தமா இருக்கேன். வருஷத்துக்கு மூணு தடவ ரத்தம் மாத்திக்கறதில்ல."

போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை டெல்மர் மணியை அழுத்தியபோது, லோர்னா கேள்வி கேட்கவில்லை.

"டெல்மர், வீட்ட வித்தாச்சு. பாலைவனத்துப் பக்கம், டூசான்ல அக்கா தனியா இருக்கா. வியாழக்கெழம கெளம்பறேன்."

டெல்மர் அழைப்பு மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏர்போர்ட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறா?"

"பக்கத்து வீட்டு ஜோயன்."

"அவ கார்ல வீல் பேரிங் ஊளையிடுது. நான் வரேன்."

அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர் ஆயிலை மாற்றி முடித்தார். சாவியைத் திரும்ப வாங்கப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராக யோசித்தார். ரோலி சாவியைக் கல்லாவில் போட்டு மறந்துவிடுவான். பாதிரியார் மூக்குக்கண்ணாடியையே வாரம் ஒரு முறை தொலைக்கிறவர். ஜோயன் சும்மாவாவது வந்து பட்டனை அமுக்கிப் பார்ப்பாள். ஊரில் நாலாயிரம் பேர். தான் அடியில் படுத்திருக்கும்போது சாவியை வைத்துக்கொள்ள ஒரு ஆள் தேறவில்லை.

வியாழக்கிழமை காலை லோர்னா பெட்டியை இழுத்துக்கொண்டு தானே நடந்து வந்தார். சாவி அவர் கோட்டுப் பையில் இருந்தது. கிராண்ட் ராப்பிட்ஸ் விமான நிலையம் ஐம்பது நிமிஷம். முக்கால்வாசி தூரம் தாண்டியிருந்தது.

"வண்டி நல்லா ஓடுது" என்றார் லோர்னா.

"திங்கக்கெழம ஆயில் மாத்தினேன்."

"தெரியும். சாவி என்கிட்டதான இருந்துச்சு."

விமான நிலைய வாசலில் டெல்மர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். லோர்னா உள்ளே போனார், கண்ணாடிக் கதவு மூடியது. டெல்மர் காரை நகர்த்தினார். மூன்று தடவை பீப் சத்தம் கேட்டது. முன்பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சாவிப் படம் எரிந்தது. இந்த மாதிரிக் கார் சாவி இறங்கிப் போய்விட்டாலும் நிற்காது. அணைக்கும் வரை ஓடும். அணைத்துவிட்டால் சாவி வரும் வரை எழுந்திருக்காது. டெல்மர் ஐம்பது நிமிஷம் ஓட்டி வந்து, கராஜுக்குள் நேராக நிறுத்தி, பட்டனை அமுக்கி அணைத்தார்.

"பீப் பீப்புன்னு கத்தியிருக்குமே பெரிசு?" என்று விஷயம் தெரிந்ததும் கடையில் கேட்டான் ரோலி.

"காதுல விழல."

 ரோலி பட்டியலைப் பார்த்து வாஷர்களை எண்ணிக் கொடுத்தான்.

லோர்னா ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் செய்தார்.

"சாவி என் கோட்டுப் பையில இருக்கு."

"அப்படியா?"

"தபால்ல அனுப்பட்டுமா?"

"வேணாம். தொலஞ்சுரும்."

"அப்ப எப்படி ஓட்டுவ?"

"கடை நடக்கற தூரந்தான்."

 லோர்னா சொன்னார்: "இங்க கோட்டு போடற அளவுக்குக் குளிர் இல்ல. ஏப்ரன் பைக்கு மாத்தி வெச்சுக்கறேன்."

இது மார்ச் மாதம். கார் அதே இடத்தில் நிற்கிறது. ஜன்னலோரம் கடைசி ஐந்து பாட்டில்களிலும் ஒரே எண்தான் ஒட்டியிருக்கிறது: 211406. ஐந்தும் கடையிலிருந்து வந்த அதே ரோஸ் நிறம். ரோலி ஆயிலைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறான். அந்தக் காருக்கு அடியில் இவ்வளவு பாதுகாப்பாக யாரும் படுத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாவி ஆயிரத்து எண்ணூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை டெல்மர் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து, அட்டையை விரித்துவிட்டு போன் செய்கிறார்.

"இன்னிக்கு என்ன?"

"கியர் ஆயில். சாவி இருக்கா?"

லோர்னா ஏப்ரன் பையைத் தட்டும் சத்தம் போனில் கேட்கிறது. டெல்மர் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அட்டையில் காதோரமாக வைத்துக்கொண்டு, முதுகால் நகர்ந்து உள்ளே போகிறார். லோர்னா அக்காவின் குறட்டையைப் பற்றி ஆரம்பிக்கிறார். பிறகு முற்றத்துக் கள்ளிச்செடி, பிறகு அதில் கூடு கட்டியிருக்கும் ஏதோ ஒரு குருவி. போல்ட் இன்னும் தொடப்படவில்லை. டெல்மர் ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.