மோகனா வரைந்த முகம்

பெருநகர் கிராமத்தில் மோகனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அவள் வைக்கும் சாம்பாரைத் தெரியும், அவள் அதட்டலைத் தெரியும். முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு. தம்பியைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள்; தள்ளிப்போட்டது தள்ளியே போய்விட்டது. தம்பி ஏழுமலை காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வேலை, சொந்த வீடு, பெண்டாட்டி பிள்ளை என்று நன்றாகவே கரையேறினான். மோகனா மட்டும் தனியாக உலை வைத்து, தனியாகச் சாப்பிட்டு, சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று சொல்லி அவள் அம்மா கடைசிவரை கேமரா முன்னால் நிற்கவேயில்லை. நிற்காமலேயே ஆயுள் குறைந்தது, அது வேறு விஷயம். ஆடி அமாவாசைப் படையலில் படமில்லாத அம்மாவுக்காக ஒரு செம்பைத்தான் வைப்பார்கள். நாளைக்கு நமக்கும் செம்புதானா என்று மோகனா அந்தச் செம்பையே பார்ப்பாள். ஆதார் அட்டையில் ஒரு முகம் இருக்கிறது. அதை வைத்துப் படைத்தால் போலீஸ்தான் வரும்.

பள்ளிச் சுவரில் மயிலும் மானும் வரைந்தவர்கள் மிச்சப் பெயிண்டை விட்டுவிட்டுப் போனார்கள். அதை எடுத்துவந்து, பீரோ கண்ணாடியைப் பார்த்து, ஒரு பலகையில் தன்னையே வரைய ஆரம்பித்தாள். முதலில் சிரிக்கிற மாதிரி வரைந்தாள். யாரோ அடுத்த தெருக்காரி மாதிரி வந்தது. அழித்தாள். பிறகு நரையை நரையாக, கண்ணுக்குக் கீழே கருப்பைக் கருப்பாக, யாரும் வந்து கதவைத் தட்டாத சாயங்காலத்து முகத்தை உள்ளபடியே வரைந்தாள். முடித்ததும் அழுகை வந்தது. அட, இது நான்தான் என்று சந்தோஷமாகவும் இருந்தது. அமாவாசைக்கு வருகிற தம்பி தன்னைப் பார்க்கட்டும் என்று வாசலுக்கு எதிரே மாட்டினாள்.

திருமுக்கூடலில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த ஏழுமலை படியிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாக்கா இது... யாரு வரைஞ்சது?"

"நான்தான்டா."

"அம்மா! அப்டியே அம்மாக்கா!"

அம்மா போன வயதை மோகனா இப்போது தொட்டிருந்தாள், வாஸ்தவம்தான். ஆனால் அவள் பக்கத்திலேயேதான் நின்றாள். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். சின்ன வயதில் தாயைப் பறிகொடுத்தவன், படத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தேம்பினான். எழுந்து அதன் நெற்றியில் குங்குமம் வைத்தான், மல்லிகைச் சரத்தைச் சாத்தினான். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக் கூடாது என்பார்கள். 'டேய், அது நான்டா' என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அழுகிறவனிடம் எப்படிச் சொல்வது?

படைத்துச் சாப்பிட்டு முடித்ததும் படத்தைக் கழற்றினான்.

"நான் எட்த்துகினு போறேன்க்கா. எங்க வூட்லயே இருக்கட்டும். இங்க தனியா இன்னாத்துக்கு?"

'எங்க வூட்லயே இரு' என்று இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மோகனா தன் பழைய புடவை ஒன்றில் படத்தைச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"தெனைக்கும் கடைக்குப் போறப்போ ஒரு தபா மொகத்தப் பாத்துட்டுப் போடா."

"பாக்காம போவனாக்கா? அம்மாவாச்சே!" என்றபடி ஏழுமலை வண்டியைக் கிளப்பினான்.